சொன்னனியோ?

அரிசி களைந்துகொண்டிருந்த ஸ்ரீலேகாவுக்கு, வீட்டில் ஏதோ ஒரு சத்தம் குறைந்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றியது. எது என்று தெரியவில்லை. குழாயை மூடினாள். ஃபிரிட்ஜ் முனகிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்குக் கீழே ஹீட்டர் சூடேறும்போது எழும் டிக் டிக் இருந்தது. மாடிப்படியில் யாரோ பூட்ஸைத் தட்டிச் சேற்றை உதறினார்கள். மணி மூன்றரைதான், ஆனால் நவம்பர் என்பதால் ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட் அடுக்குமாடிகளுக்கு நடுவே வெளிச்சம் வற்றிப்போய், எதிர்க் கட்டடத்து ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மஞ்சளாகிக்கொண்டிருந்தன.

பிறகுதான் புரிந்தது. சுபாவின் மூச்சு.

ஐந்து வயது மகள் சுபத்ரா பார்னஹாகே என்ற மழலையர் பள்ளியில் விளையாடிக் களைத்து வந்து, கம்பளி உடுப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் தூங்கிவிட்டிருந்தாள். இரண்டு நாளாகச் சளி. அந்த மூக்கடைத்த மூச்சு கரகரவென்று சமையலறை வரை வந்துகொண்டே இருந்தது. இப்போது வரவில்லை.

விரல்களில் கழுநீர் சொட்ட அவள் அப்படியே நின்றாள். ஹாலில் ஒரு பெரிய இழுப்பு கேட்டது, தண்ணீருக்கடியில் வெகுநேரம் கிடந்துவிட்டு மேலே வந்தவர் வாயைத் திறந்து இழுப்பதுபோல. அதன் பின்னால் சின்னச் சின்ன மூச்சுகள் வந்தன, ஒன்றைவிட ஒன்று பெரிதாக வளர்ந்து, பிறகு ஒன்றைவிட ஒன்று சிறிதாகத் தேய்ந்து, தேய்ந்து, மறுபடி ஒன்றுமில்லாமல் போயின.

அந்த வரிசை அவளுக்குத் தெரியும். ஓர் இரவு முழுக்க அதைக் கேட்டபடி படுத்திருந்தவள் அவள்.

"சுபா! சுபாக்குட்டி!"

ஓடிப்போய்த் தோளைப் பிடித்து உலுக்கினாள். குழந்தை கண்ணைத் திறந்தது. அம்மாவைப் பார்க்கவில்லை. அம்மாவின் தோளுக்கு மேல், சற்றுப் பின்னால், யாரோ நிற்கிற உயரத்தில் பார்த்தது. பதிலுக்காகக் காத்திருந்து அலுத்துப்போன பெரிய மனுஷியின் நிதானத்தில் கேட்டது:

"சொன்னனியோ?"

பிறகு கொட்டாவி விட்டது. "அம்மா, பசிக்குது."

அவர்கள் வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. ஸ்ரீலேகா கோயம்புத்தூர்க்காரி, கணவன் குமரன் சேலம். "சொன்னியா" என்றுதான் அங்கே கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் இலங்கைப் பிள்ளைகள்தான் அதிகம். சுபா அங்கிருந்து "ஓம்" கொண்டுவருவாள், "இஞ்சை வாங்கோ" கொண்டுவருவாள், குமரன் அதைக் கேட்டுச் சிரிப்பான். இதுவும் அப்படி வந்ததுதான் என்று லேகா தனக்குச் சொல்லிக்கொண்டாள். தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள்.

மனோகரி செத்து மூன்று வாரமாகியிருந்தது.

மனோகரி திருகோணமலைப் பெண். பக்கத்து ரொம்சோஸில் வீடு, முதியோர் இல்லத்தில் பதினெட்டு வருட வேலை, நாற்பத்தாறு வயது. தமிழ் வகுப்புக்கு வெளியே பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் பெஞ்சில்தான் இருவருக்கும் பழக்கமானது. ஞாயிறுதோறும் காட்டுப் பாதைகளில் சேர்ந்து நடக்க ஆரம்பித்தார்கள். அந்த நடைகளில்தான் நேபாளப் பேச்சு வளர்ந்தது. நஞ்சுண்ட சிவன் தொண்டை எரிச்சல் அடங்கத் தண்ணீர் குடித்ததாகச் சொல்லப்படும் கோசாய்குண்டத்தை ஒருதடவை பார்த்துவிட வேண்டும் என்பது மனோகரியின் ஆசை. கடவுள் பக்கம் லேகா அதிகம் போவதில்லை. நாலாயிரம் மீட்டருக்கு மேல் ஒரு மலையில் தன் காலால் ஏறி, மரமே இல்லாத அந்த வெறும் பாறைகளுக்கு நடுவே ஏரி ஏரியாகக் கிடக்கிற நீலத்தை நேரில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. இரண்டாயிரத்து எட்டு அக்டோபரில் போனார்கள். வழிகாட்டி பசாங், ஒரு சுமைக்காரர், இவர்கள் இருவர்.

பசாங்குக்கு ஆங்கிலம் வரும். மனோகரிக்கு நோர்வேஜிய மொழி தண்ணீர்பட்ட பாடு, ஆங்கிலம் வராது. ஆகவே அந்த மூன்று நாளும் மனோகரி சொன்னதெல்லாம் பசாங்குக்கும், பசாங் சொன்னதெல்லாம் மனோகரிக்கும் லேகாவின் வாய் வழியாகத்தான் போனது.

மூன்றாம் இரவு, ஏரிக்கு நாலு மணி நேர நடை மிச்சமிருந்த ஒரு விடுதியில், மனோகரி தூக்கத்திலேயே இறந்துபோனாள். உயரத்தில் வருகிற நோய், நுரையீரலில் நீர் கோத்துவிட்டது, ராத்திரியோடு ராத்திரியாக முற்றிவிடும் என்றார்கள். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. உடல் ஒஸ்லோவுக்கு வந்தது. தகனத்தன்று மனோகரியின் கணவர் இராஜதுரை லேகாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "கடைசி மட்டும் நீங்கள் பக்கத்திலை இருந்தனீங்கள், தங்கச்சி. எங்களுக்கு அதுதான் ஆறுதல்" என்றார்.

அவள் தலையாட்டினாள்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் குமரன் கட்டிலில் சாய்ந்தான். லேகா துணி மடித்துக்கொண்டிருந்தாள். வெளியே மழையும் பனியும் கலந்து ஜன்னலில் சளசளவென்று அடித்து வழிந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே அவன் மூச்சைத் தன் காது தேடிக்கொண்டிருக்கிறது என்பதை அவளே கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தாள். சீராக வந்தது. பெரிதாகிப் பெரிதாகி வந்தது. சிறிதானது. தேய்ந்தது.

நின்றது.

கையில் சுபாவின் காலுறை ஒன்று இருந்தது. அதைப் பிடித்தபடி எண்ணினாள். பத்து. பதினைந்து. அவன் கழுத்தில் ஒரு நரம்பு அசைந்தது, நெஞ்சு அசையவில்லை. இருபது. உதடுகளில் லேசான நீலம், அல்லது ஜன்னல் வெளிச்சம். இருபத்திரண்டில் அவளால் முடியவில்லை.

"என்னங்க! எந்திரிங்க! எந்திரிங்க!"

பெரிய இழுப்பு. கண் மூடியபடியே குமரன் சொன்னான், அவன் குரலில், ஆனால் அவனுடையதல்லாத தமிழில்:

"இறங்குவம் எண்டு சொல்லு."

கண் திறந்தான். "என்ன லேகா? ஏன் அழற?"

"இப்ப என்ன சொன்னீங்க?"

"நான் எங்க பேசினேன்? தூங்கிட்டிருந்தேன்." அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தான். "மனோகரி அக்கா ஞாபகமா? நீ என்னம்மா பண்ணியிருக்க முடியும்? நீ என்ன டாக்டரா?"

அவள் கையை உருவிக்கொண்டாள். 'இறங்குவம்' என்ற அந்த வாக்கியத்தை உலகத்தில் இரண்டே பேர்தான் அறிவார்கள். ஒருத்தி செத்துவிட்டாள்.

அந்த மூன்றாம் நாள் மாலை, அடுப்புப் புகையும் ஈரக் காலுறையும் மண்ணெண்ணெயும் சேர்ந்து நாறிய பலகை அறையில், மனோகரி பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. "லேகா, தலை இடிக்குது. படுத்தா மூச்செடுக்க ஏலாமக் கிடக்கு. இறங்குவம் எண்டு சொல்லு, அவரிட்டை" என்றாள். பசாங் ஒவ்வொரு மாலையும் சாப்பாட்டு அறையில் சின்ன நோட்டுப்புத்தகத்தோடு உட்கார்ந்து இதைத்தான் கேட்பார்: தலைவலி உண்டா, சாப்பிட்டார்களா, தூங்கினார்களா. தலைவலியோடு மூச்சுத் திணறலும் இருந்தால் இருட்டானாலும் இறங்கிவிடுவோம், நான் முதுகில் சுமந்தாவது இறக்குவேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். லேகா அந்த இருண்ட நடைவழியைக் கடந்து போகும்போது ஆங்கில வார்த்தைகளை வாயில் தயாராகத்தான் வைத்திருந்தாள். சாப்பாட்டு அறைக் கதவு திறந்திருந்தது. கதவு வழியே மலைமுகடு தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஏரி. நாலு மணி நேரம். ஒரே ஒரு ராத்திரி.

பசாங் நிமிர்ந்து பார்த்தார். "தலைவலி இல்லை. களைப்புதான். நன்றாகச் சாப்பிட்டாள்" என்றாள் லேகா. அவர் எழுதிக்கொண்டார்.

அறைக்குத் திரும்பினாள். மனோகரி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"சொன்னனியோ?"

"சொன்னேன்க்கா. எல்லாருக்கும் இப்படித்தான் இருக்குமாம். தூங்கினா காலைல சரியாயிடும்ங்கிறார்."

மனோகரி அதை நம்பினாள். நம்பிப் படுத்தாள். இரவெல்லாம் அவள் மூச்சு வந்தது, நின்றது, வந்தது, நின்றது. நிற்கும் நேரம் கூடிக்கொண்டே போனது. லேகா ஒரு கட்டத்தில் தூங்குபையை இழுத்துக் காதை மூடிக்கொண்டாள். காலையில் பசாங் மனோகரியின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தபோது, அவர் தோளுக்குப் பின்னால் முகட்டில் வெயில் விழுந்திருந்தது. இன்னும் நாலு மணி நேரம்தானே என்று அப்போதும் அவளுக்குத் தோன்றியது.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு லேகா தூங்கவில்லை. தூங்கினால் யார் கேட்பது? இரவில் கணவனுக்கும் மகளுக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டாள். ஒருவர் மூச்சு தேயும்போது தொட்டு எழுப்புவாள். அதற்குள் மற்றவர் மூச்சு தேய ஆரம்பிக்கும். குமரன் இரண்டு நாள் பொறுத்துவிட்டு எரிந்து விழுந்தான். சுபாவை டாக்டரிடம் கூட்டிப்போனாள். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, வெறும் சளி என்றார் அவர். பார்னஹாகேயில் விசாரித்தாள். மத்தியானம் அருமையாகத் தூங்குகிறாள், ஒரு சத்தமும் இல்லை என்று அங்கிருந்த பெண் சிரித்தாள். அப்படியானால் தன் காது எட்டுகிற இடத்தில்தான் இது நடக்கிறது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஆபீஸ் போகும் ரயிலில் எதிரே ஒரு நோர்வேஜியக் கிழவர் தொப்பியை முகத்தில் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்ததும் சக்கரங்களின் இரைச்சலையும் மீறி அவர் மூச்சு அவளுக்குக் கேட்டது. தேய்ந்தது. நின்றது. ஜன்னலோரத்தில் ஒரு கல்லூரிப் பெண்ணும் தூங்கினாள். அவளுடையதும் நின்றது. லேகா எழுந்து கிழவரின் தோளைத் தட்டினாள். அவர் விழித்துக் கோபமாகப் பார்த்தார். பெண்ணைத் தட்டினாள். அடுத்த நிலையத்தில், அது எந்த நிலையம் என்றுகூடப் பார்க்காமல் இறங்கி, மேடையில் காற்றில் நின்றாள்.

சொல்லிவிட்டால் என்ன என்று அங்கேதான் முதலில் நினைத்தாள்.

செவ்வாய்க்கிழமை இராஜதுரையே போன் செய்தார்.

"தங்கச்சி, ஒரு உதவி. அந்த வழிகாட்டியின்ரை நம்பர் எடுத்திட்டன். அவரோடை ஒருக்காக் கதைக்க வேணும். எனக்கு இங்கிலீசு காணாது. மகள் தர்மிகாவைக் கேக்கலாம், ஆனா தாயின்ரை கடைசி நேரத்தைப் பிள்ளையின்ரை வாயாலை கேக்க எனக்கு மனமில்லை. நீங்கள் சொல்லித் தருவீங்களோ?"

புதன்கிழமை மூன்று மணிக்கு வந்தார். ஐம்பது வயது, பெரிய உடம்பு, பஸ் டிரைவர். சட்டை தொளதொளவென்று தொங்கியது. லேகா தேநீர் கொடுத்தாள். அவர் அதைத் தொடவில்லை. மேசையில் ஒரு டெலிபோன் கார்டை வைத்து, காசு விளிம்பால் அதன் எண்களைக் கவனமாகச் சுரண்டினார். சுபா தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். அவள் தூங்கிவிடக் கூடாது என்பதற்காகவே லேகா புது வர்ணப் பென்சில் பெட்டியைப் பிரித்துக் கொடுத்திருந்தாள்.

இன்று சொல்லிவிடுவது என்று முடிவுசெய்திருந்தாள். காலையிலிருந்து வாக்கியத்தைக்கூட அமைத்து வைத்திருந்தாள். அண்ணா, அக்கா இறங்கலாம்னு சொன்னாங்க, நான் அதைச் சொல்லல.

போனை ஸ்பீக்கரில் போட்டாள். கரகரப்பு. தூரத்து மணியொலி. பிறகு பசாங்கின் குரல், சுற்றிலும் காற்று.

"அவ கடைசியா என்ன கேட்டவ எண்டு கேளுங்கோ" என்றார் இராஜதுரை.

லேகா ஆங்கிலத்தில் கேட்டாள். பசாங் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்: "மேடம், எனக்கு என்ன தெரியும்? நீங்கள்தானே தலைவலி இல்லை என்றீர்கள். நோட்டில் எழுதியிருக்கிறேன். தினமும் அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்க்கிறேன். தெரிந்திருந்தால் அன்று ராத்திரியே சுமந்து இறக்கியிருப்பேன். உங்கள் தோழி ஏன் உங்களிடம் சொல்லவில்லை?"

இராஜதுரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சொல்லுறார்?"

இதுதான் நேரம். அவள் வாயைத் திறந்தாள்.

"அக்கா கஷ்டப்படவே இல்லைன்னு சொல்றார்ண்ணா" என்றது அவள் வாய். "தூக்கத்திலேயே போயிட்டாங்களாம்."

லேகா திடுக்கிட்டாள். பயத்தில் மாற்றிச் சொல்லிவிட்டோம் என்று நினைத்தாள். மறுபடி முயல்வதற்குள் பசாங் கேட்டார்:

"மேடம், உங்களோடு யார் இருக்கிறார்கள்?"

"அவருடைய கணவர்."

"ஆண் இல்லை. ஒரு பெண். உங்களுக்கு மிக அருகில் இருந்து பேசுகிறார். இருவரும் ஒரே நேரத்தில் பேசினால் எனக்குப் புரியவில்லை."

சுபாவின் பென்சில் தாளில் உரசும் சத்தம் மட்டும். ஹீட்டரின் டிக். டிக்.

"இங்கே வேறு யாரும் இல்லை."

"இருக்கிறார், மேடம். தலை வலிக்கிறது என்கிறார். நன்றாக ஆங்கிலம் பேசுகிறார்." பசாங்கின் குரல் மாறியது. யாரிடமோ குனிந்து பேசுவதுபோல் மென்மையானது. "சொல்லுங்கள் அக்கா. கேட்கிறேன். ஆமாம். ஆமாம். புரிகிறது." காற்று. "ஆமாம் அக்கா. இப்போது புரிகிறது."

இராஜதுரை நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "ஆரோடை கதைக்கிறார் அவர்?"

"மேடம்," என்றார் பசாங். அவர் அழுகிறார் என்று தெரிந்தது. "உங்களிடம் ஒன்று கேட்கச் சொல்கிறார். எனக்கு இந்த மொழி தெரியாது. அவர் சொல்வதை அப்படியே சொல்கிறேன்." ஒவ்வொரு எழுத்தாக, தவறவிடாமல் அவர் உச்சரித்தார். "சொன். ன. னி. யோ."

தொடர்பு அறுந்தது.

இராஜதுரை எழுந்து நின்றார். "அது தமிழ். அவ கேக்கிற மாதிரி. மனோகரி இப்பிடித்தான் கேப்பா." அவர் லேகாவின் பக்கம் திரும்பினார். அந்தக் கண்களில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. "தங்கச்சி, என்ன அது? ஆருக்கு என்ன சொல்லச் சொன்னவ?"

சொல்லிவிடு. அவள் முழுப் பலத்தோடும் அந்த வாக்கியத்தைத் தொண்டைக்குக் கொண்டுவந்தாள். இறங்கலாம்னு சொன்னாங்க. நான் சொல்லல. நாக்கு அசைந்தது. உதடு அசைந்தது.

"ஒண்ணுமில்லண்ணா. லைன் சரியில்ல" என்றாள்.

இல்லை. இதுவல்ல. மறுபடி.

"உங்களுக்கு ரொம்ப அசதி. அதான் அப்படிக் கேட்டிருக்கு."

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். குரல் நடுங்கவில்லை. தன் குரல் இத்தனை கனிவாக இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. இராஜதுரை அவளை நெடுநேரம் பார்த்தார். பிறகு தோள் தளர, கார்டை எடுத்துப் பையில் போட்டார்.

"ஓம். எனக்கும் நித்திரை இல்லைத்தானே. நோகாமப் போனவ எண்டு அவர் சொன்னதே எனக்குக் காணும்." கோட்டை மாட்டினார். "பெரிய உபகாரம், தங்கச்சி. அப்ப நான் வாறன்."

போகாதீங்க என்று கத்தினாள். "பாத்துப் போய்ட்டு வாங்கண்ணா" என்று கேட்டது.

கதவு சாத்தப்பட்டது. அவருடைய கனத்த காலடி ஒவ்வொரு படியாக இறங்கிப்போனது. கீழே வெளிக்கதவு. பிறகு அமைதி.

முழு அமைதி.

பென்சில் சத்தம் இல்லை.

லேகா திரும்பினாள். சுபா தாளின் மேலேயே கன்னத்தை வைத்துத் தூங்கியிருந்தாள். விரலிடுக்கில் நீலப் பென்சில். கன்னத்தின் கீழே பெரிய நீல வட்டம்.

மூச்சு இல்லை.

பாய்ந்து தூக்கினாள். உலுக்கினாள். கன்னத்தில் தட்டினாள். தலை பின்னால் சரிந்தது. பெரிய இழுப்பு வரும். இப்போது வரும். இத்தனை நாளும் கூப்பிட்டால் வந்தது. கூப்பிடு.

சுபா எந்திரி, எந்திரிடி கண்ணு.

"தூங்கு கண்ணு" என்றது வாய். "தூங்கு. காலைல சரியாயிடும்."

வாயைப் பொத்திக்கொண்டாள். குழந்தையின் வாயில் வாயை வைத்து ஊதினாள். காற்று உள்ளே போகவில்லை, தன் நெஞ்சிலேயே திரும்பியது. போனை எடுத்தாள். விரல்கள் கீழ்ப்படிந்தன. நூற்றுப்பதின்மூன்று. ஆம்புலன்ஸ்.

உடனே எடுத்தார்கள். என்ன அவசரம் என்று ஒரு பெண் நோர்வேஜிய மொழியில் கேட்டாள்.

குழந்தைக்கு மூச்சு இல்லை. என் குழந்தைக்கு மூச்சு இல்லை.

"மன்னிக்கவும்" என்றாள் லேகா, பிழையே இல்லாத நோர்வேஜிய மொழியில். "குழந்தை போனை வைத்து விளையாடிவிட்டாள்."

"அங்கே எல்லாம் சரியாக இருக்கிறதா?"

இல்லை. இல்லை. இல்லை.

"எல்லாம் சரி. கொஞ்சம் களைப்பு, அவ்வளவுதான்."

அந்தப் பெண் இன்னும் ஒருமுறை கேட்டாள். இன்னும் ஒருமுறை அதே பதில். நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

கதவு. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டலாம். குழந்தையை மார்போடு அணைத்து வாசலுக்கு ஓடினாள். கைப்பிடியைத் தொடுவதற்குள் வெளியிலிருந்து சாவி திரும்பியது.

குமரன். மூக்கு சிவந்து, முடியில் ஈரம் மின்ன, முதுகில் லேப்டாப் பையோடு. அவள் கையில் குழந்தையைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினான்.

"தூங்கிட்டாளா?"

பாருங்க. அவ முகத்தைப் பாருங்க. நெஞ்சுல கை வைங்க.

"இப்பதான்" என்றாள். "சத்தம் போடாதீங்க."

"பாவம், சளியோட அலைஞ்சிருக்கா. குடு, உனக்குக் கை நடுங்குது." பையை ஓசைப்படாமல் இறக்கினான். இரண்டு கையாலும் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள் லேகா. முழு உயிரோடும் இழுத்தாள். அவன் திரும்பி, பல நாள் கழித்து அவளைப் பார்த்து அன்பாகச் சிரித்தான்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லங்க."

அவன் ஹாலில் நடக்க ஆரம்பித்தான். ஜன்னல் வரை போனான். திரும்பினான். கதவு வரை வந்தான். திரும்பினான். ஒரு கையால் சின்ன முதுகைத் தட்டிக்கொண்டே, உதடு திறக்காமல் ஏதோ ஒரு தாலாட்டை முனகினான். ஒவ்வொரு அடிக்கும் அவன் தோளுக்குப் பின்னால் அந்தச் சின்னக் கை முன்னும் பின்னும் ஆடியது. விரல் நுனிகள் நீலமாகிக்கொண்டிருந்தன. சுவரில் சாய்ந்து நின்ற லேகாவின் வாய் மட்டும், இதமாக, ஓயாமல், சொல்லிக்கொண்டே இருந்தது.

"எல்லாருக்கும் இப்படித்தான். எல்லாருக்கும் இப்படித்தான் இருக்குமாம்."